கழற்றிய டியூப்கள் எங்கே போயின?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அலுவலகக் கட்டடங்களில் மின் பராமரிப்பு வேலை பார்த்து வருகிறேன். எல்.இ.டி.க்கு மாறி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிறுவனங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், அங்கே கழற்றிய பழைய ஃப்ளோரசன்ட் டியூப் லைட்டுகள் எங்கே போயின என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

ஒருமுறை ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு வாரக்கடைசி விடுமுறைகளுக்குள் ஆயிரத்து இருநூறு நாலடி டியூப்களை இறக்கி, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சாய்த்து வைத்தோம். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், கூலிக்கு வந்த இரண்டு இளைஞர்கள் அவற்றை ஒவ்வொன்றாக இரும்பு டிரம்மின் விளிம்பில் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். முழுசாக இருந்தால் இடத்தை அடைக்கிறது என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டாராம். முழங்கை வரை வெள்ளைப் பொடி. மூக்கை மூட ஒரு துணிகூட இல்லை. நான் தடுத்து நிறுத்துவதற்குள் பாதிக்கு மேல் நொறுங்கிவிட்டது.

அந்தப் பொடியில் பாதரசம் இருக்கிறது. டியூப் உடையும்போது அது ஆவியாகவும் வெளியேறும். நிறமில்லை, மணமில்லை, மூச்சோடு உள்ளே போவது தெரியாது. மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றிவிடும், பிறகு மீன் வழியாக மனிதருக்கு வந்து சேரும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான மினமாட்டா ஒப்பந்தம் சாதாரண டியூப் ஒன்றுக்கு, உட்புறப் பூச்சின் வகையைப் பொறுத்து, 5 அல்லது 10 மில்லிகிராம் பாதரசம் என்று வரம்பு வைத்தது. ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும் அந்த ஆயிரத்து இருநூறில் 6 கிராம். பழைய பாதரசக் காய்ச்சல்மானியில் சுமார் அரை கிராம் இருக்கும். அப்படியானால் பன்னிரண்டு காய்ச்சல்மானிகளை ஒரே மூலையில் உடைத்ததற்குச் சமம்.

சட்டம் இல்லாமல் இல்லை. அமெரிக்கா 1999-இலேயே இவ்வகை விளக்குகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது: மூடிய பெட்டியில் வைக்க வேண்டும், மேலே எழுதி ஒட்ட வேண்டும், ஓராண்டுக்கு மேல் பொதுவாக வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் உண்டு. இந்தியாவின் 2016 மின்னணுக் கழிவு விதிகளும் பாதரச விளக்குகளைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் "கழற்றுவது, அப்புறப்படுத்துவது ஒப்பந்தக்காரர் பொறுப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் தங்கள் கடமை தீர்ந்தது என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. என் ஆதங்கம் அந்த ஒரு வரிமேல்தான். புது விளக்குக்கு எழுதும் அதே ஆர்டரிலேயே பழையது எந்த அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போகிறது, எத்தனை போய்ச் சேர்ந்தது என்ற ரசீதையும் கேட்க வேண்டும். ரசீது வரும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாம்.

இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. புது எல்.இ.டி. டியூப் வந்த அட்டைப்பெட்டி அதே நீளம்தான். கழற்றிய டியூப்பை அதிலேயே படுக்க வைத்து மூடலாம். இப்போதெல்லாம் என் ஆட்கள் ஏணியிலிருந்து இறங்கும்போதே அப்படிச் செய்துவிடுகிறார்கள். தவறி ஒன்று உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். பிறகு கெட்டி அட்டையால் அள்ளி, ஒட்டும் டேப்பால் மிச்சத்தை ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட வேண்டும். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் பாதரசத்தைப் பரப்பத்தான் செய்யும். வண்டி நிறுத்துமிடங்களில் எரியும் சோடியம், மெட்டல் ஹேலைடு விளக்குகளிலும் பெரும்பாலும் பாதரசம் உண்டு, அவற்றை யாரும் நினைப்பதில்லை. எல்.இ.டி.யில் பாதரசம் இல்லை. ஆனால் உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் அதையும் குப்பைத்தொட்டியில் போட முடியாது.

முழுசாகப் போய்ச் சேர்ந்த டியூப் வீணாவதில்லை. ஆலையில் காற்றை உள்ளிழுக்கும் மூடிய இயந்திரத்துக்குள் உடைத்து, கண்ணாடியையும் அலுமினிய மூடிகளையும் பிரித்து, பொடியைச் சூடாக்கிப் பாதரசத்தை வடித்தெடுக்கிறார்கள்.

2023-இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், பொது வெளிச்சத்துக்கான ஃப்ளோரசன்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. இனி கூரைகளிலிருந்து டியூப்கள் மொத்தமாகத்தான் இறங்கும். அடுத்த முறை எல்.இ.டி. மாற்றம் பற்றிச் செய்தி போடும்போது, பழைய டியூப்களுக்கு ரசீது இருக்கிறதா என்று அந்த நிறுவனத்திடம் தங்கள் செய்தியாளர் ஒரு வார்த்தை கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர்