கோடு எங்கே இருக்கிறது என்று தேடினோம்

அன்புள்ள வசந்தி,

நாங்கள் ஊரில் இல்லாதபோது உன் கடிதம் வந்திருக்கிறது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நாங்கள் போனது கரீபியனில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் தீவுக்கு. எல்லாம் பையனுடைய ஏற்பாடு. மொத்தத் தீவே 87 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் வடக்கே பிரான்ஸ், தெற்கே நெதர்லாந்து. 1648இல் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவரும் டச்சுக்காரர் ஒருவரும் ஒரே இடத்தில் கிளம்பி, கரையோரமாக ஆளுக்கொரு திசையில் நடந்து, மறுபடி சந்தித்த இடம்வரை எல்லை என்று வைத்துக்கொண்டார்களாம். டச்சுக்காரர் வழியெல்லாம் ஜின் குடித்ததால் பின்தங்கிவிட்டாராம், அதனால்தான் பிரெஞ்சுப் பக்கம் பெரிதாம். படகுக்காரர் இதைச் சொன்னபோது இவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒப்பந்தம் பேசிய சமயத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் பக்கத்துக் கடலில் நின்றன என்பதுதான் எனக்கு நம்பும்படியாகப் பட்டது.

அந்த எல்லையில் கேட்டும் கிடையாது, போலீஸும் கிடையாது. சாலையோரம் வரவேற்புப் பலகை ஒன்று, 1948இல் நட்ட நினைவுத் தூண் ஒன்று, அவ்வளவுதான். காரில் கண்ணயர்ந்தால் நாடு மாறியதே தெரியாது. ஆனால் விடுதி அறைக்குள் தெரியும்! பிரெஞ்சுப் பக்கம் 220 வோல்ட், ஐரோப்பிய பிளக். டச்சுப் பக்கம் 110 வோல்ட், அமெரிக்க பிளக். இங்கிருந்து அங்கே போன் செய்தால் அது வெளிநாட்டு அழைப்பு. ஒரு பக்கம் யூரோ, இன்னொரு பக்கம் கில்டர். டாலர் மட்டும் இரண்டு பக்கமும் ஓடுகிறது. கிராண்ட் காஸ் என்ற ஊரில் சில சாப்பாட்டுக் கடைகள் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு டாலரையே ஒரு யூரோவாக எடுத்துக்கொள்கின்றன. அதற்காகவே இவர் டாலர் நோட்டுகளைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டு, தினமும் அங்கேதான் சாப்பிட வேண்டும் என்று அடம். எனக்கென்ன, வறுத்த வாழைப்பழமும் பயறு போட்ட சோறும் கிடைத்தது. அடுப்புக்கரியில் மீன் சுடும் வாசனை தெரு முழுக்க.

டச்சுப் பக்கம் போனால் டச்சு காதில் விழும் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். பிலிப்ஸ்பர்க் கடைத்தெருவில் நகைக்கடைக்காரர் ஒருவர் இந்தியில் பேச்சுக் கொடுத்ததும் இவருக்குக் குஷி வந்துவிட்டது. சிந்திக் குடும்பங்கள் பல அங்கே காலங்காலமாக வியாபாரம் செய்கின்றன. பேரம் பேசியும் பயனில்லை, அதை விடு.

கடைத்தெருவுக்குப் பின்னால் பெரிய உப்பளம் ஒன்று இருக்கிறது. இப்போது வெறும் நீர்ப்பரப்பு. ஒரு காலத்தில் அடிமைகள் அதில் முழங்கால் தண்ணீரில் நின்று உப்பு வாரினார்கள். பிரான்ஸ் 1848இல் அடிமை முறையை ஒழித்துவிட்டது. நெதர்லாந்துக்கு அது 1863இல்தான் முடிந்தது. நடுவில் பதினைந்து வருஷம்! நாங்கள் சிரித்துக்கொண்டே தாண்டிய அதே கோட்டை அந்த ஜனங்கள் நடந்து தாண்டினால் போதும், விடுதலை. அப்படிப் பலர் ஓடியும் போயிருக்கிறார்கள். ஓடிவிடுவார்களே என்று டச்சுப் பக்க முதலாளிகளும் சட்டம் வருவதற்கு முன்பே பிடியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு தடவை அந்தப் பலகையைக் கடக்கும்போதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். என்ன ஆச்சு என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

2017 செப்டம்பரில் அடித்த இர்மா புயலின் சுவடு இன்னும் போகவில்லை. கடற்கரையில் புது ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே கூரையில்லாத கட்டடம் நிற்கிறது. புயலுக்கு மட்டும் இரண்டு கொடியும் ஒன்றுதான்.

நீ போவதாக இருந்தால் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போ. ஆகஸ்ட், செப்டம்பர் பக்கமே வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிரெஞ்சுப் பக்கம் தங்கு. அண்ணனை மாஹோ கடற்கரைக்கு அழைத்துப் போ. விமானம் தலையைத் தொடுவது போல வந்து இறங்கும், ஓடுபாதை அப்படிக் கரையை ஒட்டி இருக்கிறது. ஆனால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க விடாதே. கிளம்பும் விமானத்தின் காற்று ஆளைத் தூக்கி எறிந்துவிடும், 2017இல் ஒரு பெண்மணி அங்கே இறந்திருக்கிறார்.

அப்புறம், சுமதியின் கல்யாணப் பேச்சு எந்த அளவில் இருக்கிறது? நான்கு பக்கம் எழுதி அதை மட்டும் விட்டுவிட்டாயே. அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் வீட்டில் என்ன சொன்னார்கள்?

அன்புடன்,
கமலா