மல்லிக்கு, உன் தம்பி கல்யாண விஷயமா

மல்லி,

உன் தம்பி டோக்கியோல அந்த ஜப்பான் பொண்ணையே கட்டிக்கப் போறான், அடுத்த வருஷம் ரெண்டு பேரும் திருச்சிக்கே வந்து கடைய பாத்துக்கப் போறாங்கன்னு நீ எழுதுனத படிச்சதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம் டி. உங்கப்பா சம்மதிச்சதுதான் பெரிய விஷயம். ஹாஸ்டலுக்கு உன்ன பாக்க வரும்போதெல்லாம் எங்க எல்லாருக்கும் சேத்து மிக்சர் பொட்டலம் வாங்கிட்டு வருவாரே, அவரு மனசு அப்பவே தெரியும்.

இங்க அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிஞ்சு இப்போ வாக்கர் இல்லாம நடக்குறாங்க, எல்லாம் என் வீட்டுக்காரரோட கவனிப்புதான், பிலிப்பைன்ஸ்லேர்ந்து வந்த நர்ஸ் ஆச்சே அவரு. காலைல எக்சர்சைஸ், மருந்து, ரத்தக்கொதிப்பு பாக்கறது எல்லாம் நேரத்துக்கு நடக்கும். துபாய்ல ஐசியூல வேலை பாத்த கை டி அது, சும்மாவா. அம்மா மொதல்ல மாப்பிள்ளைய கண்டா முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு உள்ள போயிடுவாங்க, இப்போ அவரு வினிகரும் சோயா சாஸும் ஊத்தி வைக்கிற கோழி அடோபோல கொஞ்சம் மிளகாத்தூள் போட்டுக்கச் சொல்லி பக்கத்துல நின்னு சொல்றாங்க.

சரி, வெளிநாட்டுப் பொண்ண சட்டப்படி கட்டி இங்க கூட்டிட்டு வர என்னென்ன பண்ணணும்னு நீ கேட்டியே, அதுக்கு வர்றேன். ஏட்டி, ஒண்ண மட்டும் மொதல்ல உன் தம்பிகிட்ட சொல்லிடு, மண்டபம் கோயில் சாப்பாடு எல்லாம் எப்ப வேணா வச்சுக்கலாம், ரெஜிஸ்டர் மேரேஜ முதல்ல முடிக்கணும். ஏன்னா இந்த நாட்டுல வெளிநாட்டு மனைவிக்கோ புருஷனுக்கோ கிடைக்கிற எல்லாமே அந்த சர்டிபிகேட்ட வச்சுத்தான் ஆரம்பிக்குது. ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுக்காரங்க விசா இல்லாம இங்க தங்கறதுக்கான கார்டு, கேக்கணும்னா கல்யாணம் ரெஜிஸ்டர் ஆகி, அது தொடர்ந்து ரெண்டு வருஷம் நீடிச்சிருக்கணும்னு குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவுல இருக்கு. ஊரையே கூட்டி தாலி கட்டிட்டு ரெஜிஸ்டர் பண்றத ஆறு மாசம் தள்ளிப் போட்டா அந்த ஆறு மாசம் கணக்குல வராமப் போறதுக்கு இடம் இருக்கு.

இந்தியாவுல பண்றதா இருந்தா ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட், 1954. ரெண்டு பேர்ல ஒருத்தராவது நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி 30 நாள் அந்த மாவட்டத்துல குடியிருந்திருக்கணும், எங்களுக்கு நான் திருநெல்வேலில இருந்ததால அது ஒத்துப்போச்சு, உன் தம்பி ஜப்பான்லேர்ந்து வந்து இறங்குன மறுநாளே போய் நோட்டீஸ் குடுக்க முடியாது, அதையும் லீவு கணக்குல சேத்துக்கச் சொல்லு. நோட்டீஸ் குடுத்த அப்புறம் இன்னொரு 30 நாள், அதுக்குள்ள யாராவது ஆட்சேபணை சொல்லலாம். அது முடிஞ்சுதான் மூணு சாட்சியோட போய் கையெழுத்து. மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் நடக்கலன்னா அந்த நோட்டீஸ் செல்லாது, திரும்ப மொதல்லேர்ந்து. அதனால அந்தப் பொண்ணுக்கு எடுக்கிற விசா இத்தனை நாளையும் தாங்கற விசாவா இருக்கணும். 30 நாள் ஈ-டூரிஸ்ட் விசா பத்தவே பத்தாது, அதை நீட்டிக்கவும் முடியாது. ஜப்பான்காரங்களுக்கு சென்னை ஏர்போர்ட்லயே 60 நாள் விசா ஆன் அரைவல் உண்டு, ஆனா யாராவது ஒரு சொந்தக்காரர் ஆட்சேபணை எழுதிக் குடுத்தா அதை விசாரிக்க ஆபீசருக்கு இன்னும் 30 நாள் டைம் இருக்கு, அதனால அதை நம்பி வராதீங்க.

அந்த நோட்டீஸ ரெஜிஸ்டர் ஆபீஸ் போர்டுல ஒட்டுற விஷயம்தான் மல்லி எனக்கு இன்னைக்கும் நெஞ்ச அடைக்குது. எங்க போட்டோ, முழு பேரு, அப்பா பேரு, வீட்டு அட்ரஸ் எல்லாம் ஒரு தாள்ல ஒட்டி, பத்திரம் பதிய வர்றவங்க உக்காரும் பெஞ்சுக்கு நேர் எதிர்ல தொங்குச்சு. நிலம் கிரயம் பண்ண வந்தவங்க எல்லாம் நின்னு படிச்சிட்டு, எங்கப்பாவை தெரிஞ்ச ஒருத்தர் அம்மாவுக்கு ஃபோன் போட்டு 'உம்மவளா இது'ன்னு கேட்டாரு. எங்க வீட்ல எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும்ங்கறதால பொழச்சோம். வீட்டுக்குத் தெரியாம, உசுருக்கு பயந்து பண்ற பிள்ளைங்க எத்தனை பேரு, அவங்க அட்ரஸும் இதே போர்டுலதானே தொங்குது. 2021-ல அலகாபாத் ஹைகோர்ட்டு, கல்யாணம் பண்றவங்க எழுதிக் கேட்டா மட்டும் நோட்டீஸ வெளியிட்டா போதும்னு தீர்ப்பு சொல்லிச்சு, அது நம்ம ஊருக்கும் வரணும்னு மனசார வேண்டிக்கிறேன்.

அப்புறம் பேப்பர். அவங்க நாட்டுலேர்ந்து அந்தப் பொண்ணுக்கு இதுக்கு முன்ன கல்யாணம் ஆகலங்கற சான்று வேணும். எங்களுக்கு இதுலதான் நிறைய நாள் போச்சு, ஏன்னா பிலிப்பைன்ஸ்ல விவாகரத்துச் சட்டமே கிடையாது, வாடிகன விட்டா உலகத்துலயே அவங்கதான், முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டம் இருக்கு, அதனால ஏற்கனவே கல்யாணம் ஆனவங்களான்னு பாக்கறதுல ரொம்ப கறார். அவரோட அக்கா மணிலால செனோமார்னு அந்த சர்டிபிகேட்ட வாங்கி, அதுக்கு அவங்க வெளியுறவுத் துறைல, வெளிநாட்டுலயும் செல்லுபடியாகற அபோஸ்டில் முத்திரை போட்டு கூரியர்ல அனுப்புனாங்க, அதுக்கு மேல டெல்லில இருக்கற அவங்க எம்பசில கல்யாணம் பண்ணிக்க சட்டப்படி தகுதி இருக்குன்னு இன்னொரு சர்டிபிகேட். உங்களுக்கு இவ்ளோ அலைச்சல் இருக்காது, ஜப்பானுக்கு சென்னைலயே கான்சுலேட் ஜெனரல் இருக்கு, அங்க ஒரு வார்த்தை முன்கூட்டியே கேட்டுடுங்க. இல்ல, அவங்க ஜப்பான்லயே பதிஞ்சுட்டு வர்றாங்கன்னா அதுவும் நல்ல வழிதான், அந்த சர்டிபிகேட்டுக்கு அங்க வெளியுறவு அமைச்சகத்துல அபோஸ்டில் போட்டு, இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து கையில வச்சுக்கச் சொல்லு. நான் உன் தம்பி இடத்துல இருந்தா இதைத்தான் செய்வேன், அந்த நோட்டீஸ் போர்டு தொல்லை இல்லாமப் போயிடும் பாரு.

பேரு விஷயம் ரொம்ப முக்கியம் டி, இதைத் தயவுசெஞ்சு அலட்சியமா விடாதீங்க. நமக்கு இனிஷியல், ஆதார்ல ஒரு எழுத்து, பாஸ்போர்ட்ல அதே எழுத்து விரிஞ்சு அப்பா பேரா சர்நேம் கட்டத்துல இருக்கும், பத்தாவது மார்க் ஷீட்ல வேற மாதிரி இருக்கும். அவருக்கு நடுப் பேரு அவங்கம்மாவோட குடும்பப் பேரு, அவங்க ஊரு வழக்கம் அது. அதைப் பாத்துட்டு கவுண்டர்ல இருந்தவரு அப்பா பேருன்னு நெனச்சு டைப் பண்ணிட்டாரு, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி டிராஃப்ட்ட வாங்கி ஒவ்வொரு எழுத்தா பாத்ததாலதான் தப்பிச்சோம். சர்டிபிகேட் பிரிண்ட் ஆன பின்ன திருத்தறது பெரிய பாடு.

விசாக்கு வர்றேன். இந்தியக் குடிமகனோட மனைவி, குடிமகளோட புருஷன், இவங்களுக்கு எக்ஸ்-2ன்னு என்ட்ரி விசா. சாதாரண டூரிஸ்ட் விசால வந்து இங்கயே கல்யாணம் முடிச்சவங்க எஃப்ஆர்ஆர்ஓங்கற வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ் மூலமா எக்ஸ்-2வுக்கு மாத்திக்க விதி இருக்கு, அதுக்கு லோக்கல் போலீஸ் வந்து ரெண்டு பேரும் சேந்து வாழறாங்களான்னு பாத்து ரிப்போர்ட் குடுக்கணும். எங்களுக்கு லீவு தீந்துபோனதால அவரு திரும்பிப் போய், துபாய் வேலைய விட்டுட்டு, மணிலாலேர்ந்து அப்ளை பண்ணாரு. அங்க இன்னொரு கட்டம் இருந்துச்சு, வெளிநாட்டுக்காரங்கள கல்யாணம் பண்ணிட்டு நாட்ட விட்டுப் போற பிலிப்பைன்ஸ்காரங்க அவங்க அரசாங்கத்தோட ஒரு கமிஷன்ல கவுன்சிலிங் உக்காந்து சர்டிபிகேட் வாங்கணும். பொண்ணுங்கள காசுக்குக் கல்யாணம்னு சொல்லி வெளிநாட்டுக்கு ஏத்தி அனுப்பின கொடுமை அங்க நடந்திருக்கு, 1990-லயே அதுக்கு எதிரா சட்டம் போட்டு அதை 2016-ல இன்னும் பலமாக்குனாங்க, அதோட நீட்சிதான் இது. அவருகிட்ட எங்கம்மா எப்படி, வீட்ல யாரு சம்பாதிக்கிறாங்க, சண்டை வந்தா யாருகிட்ட போவ, அங்க உதவி கேக்க யாரை தெரியும்னெல்லாம் உக்கார வச்சு கேட்டாங்களாம். எனக்கு அதைக் கேட்டப்போ கோவம் வரல மல்லி, மரியாதைதான் வந்துச்சு, ஒரு நாடு தன் பிள்ளைய வெளிய அனுப்பும்போது இவ்ளோ விசாரிக்குதேன்னு.

ஆனா விசா கைக்கு வர்ற வரைக்கும் இருந்த அந்த மாசங்கள நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது. எல்லா பேப்பரும் சரியா இருந்தும் ஒரு ஆபீஸ்ல இன்னிக்கு ஒண்ணு கேப்பாங்க, நாளைக்கு வேற கேப்பாங்க, ஃபோன் எடுக்க மாட்டாங்க. அவரு வேலையும் இல்லாம அங்க, நான் இங்க நைட் டூட்டி முடிச்சு வந்து மணிலா நேரம் ரெண்டரை மணி நேரம் முன்னாடின்னு கணக்கு போட்டு வீடியோ கால்ல உக்காருவேன். கல்யாணம் ஆன ரெண்டு பேரு ஒரே வீட்ல இருக்கறதுக்கு ஒரு அரசாங்கம் அனுமதி குடுக்கணும், சரி, நாட்டு பாதுகாப்பு, புரியுது. அதுக்கு ஒரு கெடு வேண்டாமா, இத்தனை நாளுக்குள்ள ஆமாவோ இல்லையோ சொல்லிடுவோம்னு ஒரு வார்த்தை வேண்டாமா. இந்த நாட்டுக் குடிமகளா நான் கேக்கற உரிமை அது. எனக்கு யாரும் சலுகை பண்ண வேண்டாம்.

வந்து இறங்குன பிறகு ரெண்டு வேலை உடனே. வெளிநாட்டவர் வீட்ல தங்குனா வீட்டுக்காரங்க 24 மணி நேரத்துல அவங்க தங்குற விவரத்த ஆன்லைன் ஃபார்ம்ல (முன்ன ஃபார்ம் சின்னு பேரு) போடணும், லாட்ஜுக்கு மட்டும்னு நெனச்சிடாதீங்க, புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் சேத்துத்தான். அப்புறம் விசா 180 நாளுக்கு மேலன்னா வந்த 14 நாளைக்குள்ள ரெஜிஸ்ட்ரேஷன், ஈ-எஃப்ஆர்ஆர்ஓ வெப்சைட்லயே அப்லோடு பண்ணலாம். பாஸ்போர்ட், விசா பக்கம், மேரேஜ் சர்டிபிகேட், உன் தம்பியோட ஐடி, வீட்டு ஆதாரம். கரண்ட் பில் உங்கப்பா பேர்ல இருக்கும்ல, அதுக்கு அவருகிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்கி வச்சுக்கோ.

எனக்கு ஆத்தாமையா இருக்கறது வேலை விஷயம்தான். எக்ஸ் விசால வந்தவங்க நேரா வேலைக்குப் போக முடியாது, தனியா அனுமதி வாங்கணும். என் ஆஸ்பத்திரில ஐசியூ நர்ஸ் கிடைக்காம சின்னப் பிள்ளைங்கள டபுள் டூட்டி போட்டு வதைக்கிறாங்க, இங்க பத்து வருஷத்துக்கு மேல அனுபவம் உள்ள மனுஷன் வீட்ல எங்கம்மாவுக்கு மட்டும் நர்ஸா இருக்காரு. இது யாருக்கு லாபம் சொல்லு. நாட்டுக்கும் நஷ்டம், அவரோட கௌரவத்துக்கும் அடி. அவரு வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு, ஆனா நான் யூனிஃபார்ம் போட்டு கிளம்பும்போது என் ஷூவ துடைச்சு வாசல்ல வச்சிருப்பாரு, நான் அந்த ஷூவ மாட்டிட்டுப் போறது எனக்கு அவ்ளோ கஷ்டமா இருக்கும்.

அதனாலதான் ரெண்டு வருஷம் முடிஞ்ச உடனே ஓசிஐக்கு போட்டுட்டோம். இந்தியாக்குள்ளேர்ந்து அப்ளை பண்ணா 15,000 ரூபா. 2015 திருத்தத்துக்கு அப்புறம்தான் இந்தியர்களோட வெளிநாட்டு வாழ்க்கைத்துணைக்கு ஓசிஐ வந்துச்சு, அதுக்கு முன்ன பிஐஓன்னு (இந்திய வம்சாவளி) வேற கார்டு. வந்துட்டா விசா புதுப்பிக்கிற தலைவலி இல்ல, ரெஜிஸ்ட்ரேஷன் இல்ல, டாக்டர் நர்ஸ் வக்கீல் இந்த மாதிரி தொழிலும் இங்க இருக்கற அந்தந்தத் தொழில் சட்டப்படி பாக்கலாம்னு 2021 மார்ச் அறிவிப்புல இருக்கு, நர்சிங் கவுன்சில் பதிவு தனியா பண்ணணும், அது வேற போராட்டம், பாத்துக்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. கல்யாணம் முறிஞ்சா கார்டையும் ரத்து பண்ணலாம்னு சட்டத்துல இருக்கு, அதை அந்தப் பொண்ணுகிட்ட மறைக்காம சொல்லிடுங்க டி, தன் ஊர விட்டுட்டு வர்ற பிள்ளை, எல்லாம் தெரிஞ்சு வரட்டும். அவ ஜப்பான் பாஸ்போர்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா ஓசிஐ குடியுரிமை இல்ல. குடியுரிமையே வேணும்னா ஏழு வருஷம் இங்க இருந்திருக்கணும், அவங்க நாட்டு பாஸ்போர்ட்ட விடணும், அதுக்கு அவசரப்பட வேண்டாம்.

போன மாசம் ஓசிஐ விசாரணைக்கு போலீஸ் வந்தாரு. நல்ல மனுஷன், செருப்ப வெளிய விட்டுட்டு வந்து உக்காந்தாரு. எதிர்வீட்டு ஆச்சிகிட்ட போய் இவங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்களான்னு கேட்டிருக்காரு, ஆச்சி விடல, 'எனக்கு கண்ணு ஆபரேஷன் பண்ணப்ப மூணு வேளையும் சொட்டு மருந்து ஊத்துனதே அந்தப் பையன்தான், எழுதிக்கோ'ன்னு சொல்லிச்சாம். அவரு நிஜமாவே அதை எழுதிக்கிட்டாருன்னு ஆச்சிக்கு ஒரே பெருமை.

உன் தம்பி ஞாயித்துக்கிழமை எனக்கு ஃபோன் பண்ணட்டும், அந்தப் பொண்ணையும் பக்கத்துல உக்கார வச்சுக்கச் சொல்லு, என் வீட்டுக்காரரும் அவகிட்ட பேசணும்னு சொல்றாரு, வெளியூர்லேர்ந்து இந்த வீட்டுக்கு வந்தவருக்குத்தானே அவளுக்கு என்ன என்ன கேள்வி இருக்கும்னு தெரியும். நாங்க அப்லோடு பண்ண பேப்பர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி உனக்கு மெயில்ல அனுப்பறேன், நம்பர மறைச்சிட்டுத்தான் அனுப்புவேன், எது எந்த வரிசைல போட்டோம்னு அதைப் பாத்தாலே புரியும். பொங்கலுக்கு முடிஞ்சா அப்பாவையும் கூட்டிட்டு வா டி.

உன்,
ரூம்மேட்