பார்க்குல நிக்கிற கிரண் விமானத்தோட போர்டை மாத்தித் தரக் கோரி மனு

பெறுநர்: மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: பயிற்சி விமானத்தைப் பத்தின தப்பான தகவல் பலகையை மாத்துறது, விமானத்தைப் பராமரிக்கிறது சம்பந்தமா

ஐயா, வணக்கம். நான் ஏர்ஃபோர்ஸ்ல டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவன். தாம்பரத்துல, ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல்ல இருந்தப்ப இந்த கிரண் சத்தத்துலதான் எங்களுக்குப் பொழுதே விடியும், அதனால பார்க்குல அதைப் பாத்ததும் பேரனைக் கூட்டிக்கிட்டு ஆசையா கிட்ட போனேன். போர்டைப் படிச்சதும் மனசு விட்டுப் போச்சு. "இங்கிலாந்து நாட்டுப் போர் விமானம், 1976"னு இருக்கு. ஒரே வரி, அதுல ரெண்டு முழுத் தப்பு, ஒரு அரைத் தப்பு.

மொதல்ல நாடு. இது பெங்களூர்ல எச்.ஏ.எல்.ங்கிற அரசு விமானக் கம்பெனியில கட்கேங்கிற இன்ஜினியர் தலைமையில நம்ம ஆளுங்களே டிசைன் பண்ணினது, அதுக்கு முன்னாடி எச்.டி.2ங்கிற ப்ரொப்பெல்லர் ட்ரெயினரைப் பண்ணினவரும் அவர்தான். 1964 செப்டம்பர் 4-ஆம் தேதி டெஸ்ட் பைலட் சுரஞ்சன் தாஸ் இதை முதல் தடவையா ஓட்டினார், அந்த மனுஷன் பின்னாடி 1970-ல மாருத்ங்கிற எச்.ஏ.எல். போர் விமானத்தை டெஸ்ட் பண்றப்ப விபத்துல போயிட்டார். பேரு எச்.ஜே.டி.16 கிரண், அதுவரைக்கும் பசங்க கத்துக்கிட்டிருந்த வேம்பயர்ங்கிற வெள்ளைக்காரன் விமானத்துக்குப் பதிலா வந்தது. இன்ஜின் மட்டும்தான் வெள்ளைக்காரன் டிசைன், போர்டு எழுதினவர் அதைக் கேள்விப்பட்டு நாட்டையே மாத்திட்டார் போல.

அடுத்து போர் விமானம்ங்கிறது. கேனபிங்கிற கண்ணாடி மூடியைத் தொடைச்சுட்டு உள்ள எட்டிப் பாத்தாலே தெரியும், ரெண்டு சீட்டு பக்கத்துல பக்கத்துல இருக்கும், பையன் தடுமாறினா வாத்தியார் சட்டுனு ஸ்டிக்கைப் பிடிக்கணும்ல, அதுக்குத்தான் அப்படி. மூக்குல ரெண்டு 7.62 மெஷின் கன் உண்டு, அது ஆயுதப் பயிற்சிக்கு வெச்சது.

வருஷம்தான் அரைத் தப்பு. ரெக்கைக்கு அடியில பக்கத்துக்கு ரெண்டா குண்டு மாட்டுற கொக்கி மொத்தம் நாலு இருக்கு, அதனால இது மார்க் 2, அதாவது கிரணோட ரெண்டாவது ரகம், அது முதல்ல பறந்தது 1976-லதான். மார்க் 1-ல இருந்த வைப்பர் இன்ஜின் 2500 பவுண்டுதான் தள்ளும், இதுல நேட்ங்கிற சின்னப் போர் விமானத்துல இருந்த ஆர்ஃபியஸ் இன்ஜினைப் போட்டதால 4000-ஐத் தாண்டுச்சு. ஆனா வரலாற்றை 1976-ல ஆரம்பிச்சா முன்னாடி இருக்கிற பன்னெண்டு வருஷம் எங்க போச்சு?

வானத்துல சாகசம் காட்டுற நம்ம விமானப்படையோட சூர்ய கிரண் டீம் 1996-ல கர்நாடகா பீதர்ல ஆரம்பிச்சதும் இந்த மார்க் 2-லதான், ஒம்போது விமானம் ஒண்ணா ஒட்டிப் பறந்துச்சு. 2011-ல அதை நிறுத்தினதுக்குக் காரணமே பசங்களுக்குப் பயிற்சி குடுக்க விமானம் பத்தலைங்கிறதுதான், ஏன்னா 2009-ல ஆரம்பப் பயிற்சிக்கு இருந்த எச்.பி.டி.32 விமானத்தைப் பறக்க விடாம நிறுத்திட்டாங்க, ஆரம்பப் பாடமும் கிரண் தலையிலதான் விழுந்துச்சு, 2013-ல பிலாட்டஸ்ங்கிற புது பயிற்சி விமானம் வர்ற வரைக்கும் இந்தக் கிழவன்தான் இழுத்தான். இதுல ஒரு வரியாவது போர்டுல இருக்க வேண்டாமா ஐயா.

இப்ப அதோட நிலைமை என்னன்னா ரெண்டு பக்கமும் இன்ஜினுக்குக் காத்து போற ஏர் இன்டேக்குக்குள்ள மைனா கூடு கட்டியிருக்கு, டயர்ல காத்து இல்ல, வால்ல காம்பஸால யாரோ காதலி பேரைக் கீறி வெச்சிருக்காங்க. சர்வீஸ்ல இன்டேக் மூடியைப் போடாம விட்டாலே எங்களை உண்டு இல்லைனு ஆக்கிடுவாங்க.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்ல. போர்டை மாத்துங்க, தமிழ்ல எழுதித் தர்றது என் வேலை, காசு வேண்டாம். இன்டேக்குக்கு வலை அடிச்சு, டயர்ல பாரம் எறங்காம அடியில இரும்புத் தாங்கி குடுத்து, சுத்தி ஒரு கம்பி வேலி போட்டாப் போதும். வலை அடிக்கிறது மட்டும் மைனா குஞ்சுங்க பறந்தப்புறம் பண்ணச் சொல்லுங்க.

இப்படிக்கு,
முன்னாள் விமானப்படை டெக்னீஷியன்