பர்மிட் வராமலே அஸ்திவார வேலை ஆரம்பிச்சது பத்தி புகார்

மேனேஜர் சாருக்கு வணக்கம்,

பிளான் போடுறதுல இருந்து நகராட்சி அனுமதி வாங்கி வீட்ட கட்டி சாவிய கைல குடுக்குற வரைக்கும் எல்லாம் நீங்களே பாத்துக்கறதா அக்ரிமென்ட்ல எழுதி கையெழுத்து போட்டுருக்கீங்க. இப்போ சைட்ல அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முடிஞ்சு பில்லருக்கு கம்பி கட்டிட்டு இருக்காங்க, அடுத்தது கான்கிரீட்தான். ஆனா பர்மிட் இன்னும் வரவே இல்ல. இத உங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தரும் எங்ககிட்ட சொல்லல, நான் நேர்ல நகராட்சி ஆபீஸ் போய் கேட்டப்போதான் தெரிஞ்சுது.

உங்க சைட் இன்ஜினியர் ஒரு பேப்பர காட்டி அப்ரூவல் ஆயிடுச்சு வேலைய ஆரம்பிச்சுடலாம்னு சொன்னாரு, அதுல நம்பர் இருந்துச்சு, சீலும் இருந்துச்சு. அது மனுவ வாங்கிக்கிட்டதுக்கு குடுத்த ரசீது சார். பர்மிட்னா அனுமதி ஆர்டர் வரணும், அது எந்த தேதி வரைக்கும் செல்லும், என்னென்ன நிபந்தனைன்னு அதுல இருக்கணும், கூடவே அவங்க ஒப்புதல் குடுத்த பிளானும் வரணும். இந்த வித்தியாசம் தெரியாதவங்களா உங்க இன்ஜினியர்? வீடு கட்டுறவங்க வாழ்க்கைல ஒரு தடவதான் இதெல்லாம் பாக்குறாங்க, நீங்க தொழிலாவே பண்றீங்க.

இதவிட என்னை ரொம்ப பாதிச்சது என்னன்னா, நகராட்சி ஒரு ஆட்சேபம் எழுதி அனுப்பியிருக்காங்க, அது எங்களுக்கு வரவே இல்ல, ஏன்னா மனுவுல என் பேருக்கு கீழ குடுத்துருக்குற போன் நம்பரும் மெயிலும் உங்களோடது. பக்கவாட்டுல 1.5 மீட்டர் செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் வீட்டுக்கும் நடுவுல காலி இடம், விடணும், பிளான்ல 1.2 தான் இருக்கு, திருத்தி குடுங்கன்னு கேட்டுருக்காங்க, பதில் குடுக்க கெடுவும் போட்டுருக்காங்க. கெடு தாண்டுனா மனுவே ரத்தாகி மறுபடியும் முதல்ல இருந்து பீஸ் கட்டி ஆரம்பிக்கணும்னு அங்க சொல்றாங்க. அத கைல வச்சிக்கிட்டே அதே 1.2 மீட்டர் கணக்குல வானம் தோண்டிருக்கீங்க.

வெறும் 30 சென்டிமீட்டர் தானேன்னு உங்க ஆள் போன்ல சொன்னாரு. பில்லர் 30 சென்டிமீட்டர் தள்ளுனா அதுக்கு கீழ மண்ணுக்குள்ள இருக்குற ஃபுட்டிங்குங்கிற அடிப்பாகத்தையும் தள்ளணும், பீம் நீளம் மாறும், அப்போ கம்பி, கான்கிரீட் அளவெல்லாம் இருக்குற ஸ்ட்ரக்சுரல் டிராயிங்க இன்ஜினியர் திரும்ப கணக்கு போட்டு குடுக்கணும். இன்னிக்கு கம்பிய அவுத்து மாத்தி கட்டலாம், கான்கிரீட் ஊத்துனதுக்கு அப்புறம் இடிக்கத்தான் முடியும். அதனாலதான் இவ்ளோ அவசரமா எழுதுறேன்.

இன்னொன்னும் இருக்கு. மாடில ஒரு ரூம் சேத்துக்கலாம்னு உங்க டிசைனர்தான் சொன்னாரு, எங்களுக்கு குடுத்த டிராயிங்ல அந்த ரூம் இருக்கு, நகராட்சில குடுத்ததுல அந்த இடம் மொட்டை மாடின்னு இருக்கு. எஃப்எஸ்ஐங்கிறது எல்லா தளத்தோட பரப்பையும் கூட்டி மனையோட பரப்பால வகுக்குறது, அந்த ரூமையும் கணக்குல சேத்தா அனுமதிச்ச அளவு தாண்டும்னு தெரிஞ்சுதான் மறைச்சீங்களான்னு எனக்கு நேரடியா பதில் வேணும். கட்டி முடிச்சு கம்ப்ளீஷன் சர்ட்டிபிகேட் கேக்கும்போது ஒப்புதல் ஆன பிளானையும் வீட்டையும் வச்சு பாத்தா மாட்டிக்கிறது நாங்கதான். நோட்டீஸ் என் பேர்ல வரும், அபராதம் நான் கட்டணும், பேங்க் லோன் அடுத்த தவணைக்கு அப்ரூவ்டு பிளான் கேட்டா நான்தான் பதில் சொல்லணும். உங்க கம்பெனி பேர் அதுல எங்கயும் வராது. எங்க சேமிப்பு மொத்தமும் இந்த மண்ணுல கிடக்கு சார்.

அதனால முதல்ல சைட்ல வேலைய இப்பவே நிறுத்துங்க, பர்மிட் ஆர்டர நான் என் கண்ணால பாக்குற வரைக்கும் கான்கிரீட் வண்டி வரக்கூடாது. நகராட்சில குடுத்த ஃபைல் முழுசா, அதாவது சைட் பிளான், ஒவ்வொரு தளத்தோட பிளான், எலிவேஷன் (வெளித்தோற்ற படம்), செக்ஷன் (குறுக்குவெட்டு படம்), ஸ்ட்ரக்சுரல் டிராயிங், அந்த ஆட்சேப கடிதம் எல்லாத்தோட காப்பியும் எனக்கு வேணும். மனுவுல என் போன் நம்பர மாத்துங்க, லாகின் பாஸ்வேர்டையும் என்கிட்ட குடுங்க, உரிமையாளருக்கு தெரியாம உரிமையாளர் பேர்ல ஒரு மனு ஓடக்கூடாது. செட்பேக்க சரி பண்ணி, மாடி ரூம் விதிக்குள்ள வருதா இல்லையான்னு நேர்மையா சொல்லி, ஒரே பிளான கெடுவுக்குள்ள குடுங்க. வராதுன்னா அந்த ரூமே வேணாம். மாத்தி தோண்டுற செலவும், திரும்ப டிராயிங் போடுற செலவும் உங்களோடது.

அஸ்திவார ஸ்டேஜுக்கு கேட்டுருக்குற பணத்த பர்மிட் வர்ற வரைக்கும் தர மாட்டேன். கான்கிரீட்டுக்கு முன்னாடி நகராட்சி ஆய்வுக்கு வரணும்னு ஆர்டர்ல நிபந்தனை இருந்தா அன்னிக்கு நானும் சைட்ல இருப்பேன், தேதிய முன்னாடியே சொல்லுங்க.

போன்ல பேசி பாத்துட்டேன், பேசுற ஆளுக்கு ஆள் வேற வேற சொல்றாங்க. பதில எழுத்துல, கம்பெனி லெட்டர்ஹெட்ல, பொறுப்பான ஒருத்தர் கையெழுத்தோட இந்த வாரத்துக்குள்ள அனுப்புங்க. வரலன்னா நுகர்வோர் நீதிமன்றத்துக்கு அக்ரிமென்டோட போவேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்