சூடானால் செத்துப்போகும் பல்சர் காயில்: வாரண்டி மறுத்தது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பழுதான பல்சர் காயிலுக்கு (பிளக்கில் பொறி எப்போது அடிக்க வேண்டும் என்று சைகை கொடுக்கும் சிறு கம்பிச்சுருள்) வாரண்டி தர உங்கள் டீலர் மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என்னிடம் இருப்பது 2003 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். மேக்னட் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) பக்கம் ஆயில் சீல் கசிந்ததால் கவரைக் கழற்றிய மெக்கானிக், பல்சர் காயிலின் ஒயர் மேலுறை இற்றுப்போயிருக்கிறது, கையோடு மாற்றிவிடலாம் என்றார். திண்டுக்கல்லில் உள்ள உங்கள் டீலரிடம் 640 ரூபாய் கொடுத்து உங்கள் தயாரிப்பை வாங்கி மாட்டினோம். பெட்டியில் ஆறு மாத வாரண்டி என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். தொல்லை அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. கடைத்தெரு வரை போய்வந்தால் ஒன்றும் தெரியாது. வத்தலக்குண்டு ரோட்டில் செம்பட்டி வருவதற்குள், இன்ஜின் நன்றாகச் சூடானதும், சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நின்றுவிடுகிறது. பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி திணறித் திணறித்தான் நிற்கும், இது அப்படியில்லை. அரை மணி நேரம் மர நிழலில் போட்டால் மறுபடி ஓடுகிறது.

உங்கள் டீலரிடம் சொன்னபோது, "பழைய வண்டி சார், கார்பரேட்டரைப் பாருங்க" என்றார். சரி, அதையும் பார்த்தோம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது என்பதால், மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினேன், அப்போதும் நின்றது. நின்ற இடத்திலேயே கார்பரேட்டரின் அடி ஸ்குரூவைத் தளர்த்தினால் பெட்ரோல் தாராளமாக ஊற்றியது. வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டின் இடைவெளி இறுகியிருந்தாலும் சூட்டில் வண்டி நிற்கும். அதையும் இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.05 மி.மீ. வைத்தாயிற்று. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதைத்துப் பார்த்தால், சூட்டில் பொறியே இல்லை. புதுப் பிளக்கிலும் இல்லை. ஆறியதும் நீலமாகப் பளிச்சென்று அடிக்கிறது. பக்கத்து வீட்டு ஸ்பிளெண்டரின் சி.டி.ஐ.யையும் (பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டி) எச்.டி. காயிலையும் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது) கேட்டு வாங்கி என் வண்டியில் போட்டோம். அப்போதும் நின்றது. என்னுடையவை அந்த வண்டியில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடின.

அடுத்த தடவை மெக்கானிக் மீட்டரோடு பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி நின்றதும் பல்சர் ஒயரின் சாக்கெட்டைப் பிரித்து, மின்தடையை அளக்கும் ஓம்ஸில் வைத்தார். திரையின் ஓரத்தில் வெறும் '1'. மின்சாரம் போகவே வழியில்லை, உள்ளே சுற்று அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டரை எடுக்காமல் அப்படியே காத்திருந்தோம். இன்ஜின் ஆற ஆற எண்கள் வந்து வந்து மறைந்தன. கடைசியில் 120-க்குப் பக்கத்தில் நிலைத்து நின்றது. உதைத்தார், ஸ்டார்ட் ஆனது. தலைமுடி போன்ற மெல்லிய கம்பியை முனையில் பற்றவைத்த இடம் சரியில்லை, சூட்டில் விரிந்து விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் கணிப்பு.

காயிலைக் கழற்றி வாரண்டிக்குக் கொண்டுபோனேன். டீலர் அதைக் கடை மேசையில், மின்விசிறிக்கு அடியில் வைத்து மீட்டரைத் தொட்டார். 121 காட்டியது. "பொருள் நல்லாத்தான் இருக்கு" என்று பில்லின் பின்பக்கம் 'செக் ஓகே' எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம். இந்தக் காயில் வேலை செய்ய வேண்டிய இடம் மேசையா? மேக்னட் கவருக்குள், இன்ஜின் சூடு முழுவதையும் வாங்கிக்கொண்டு ஓட வேண்டிய பொருள் அது. ஆறிய நிலையில் சோதித்து நல்லது என்று சொல்வது, காய்ச்சல் இறங்கிய நேரத்தில் நாடி பிடித்துவிட்டு நோயே இல்லை என்பது போல இருக்கிறது. ஹேர் டிரையரால் சூடாக்கிப் பாருங்கள் என்று கேட்டேன். கம்பெனி அப்படிச் சொல்லவில்லை என்றார். அப்படியானால் கம்பெனி என்னதான் சொல்லியிருக்கிறது என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழற்றிப் போட்ட பழைய காயிலுக்கே ஒயரில் புது ஸ்லீவ் ஏற்றித் திரும்ப மாட்டினோம். வேறு எதையும் தொடவில்லை. வத்தலக்குண்டு போய்த் திரும்பியும் வண்டி நிற்கவில்லை, இன்றுவரை நிற்கவில்லை. கோளாறு வண்டியில் இல்லை என்பதற்கு இதற்கு மேல் நான் என்ன காட்ட முடியும்?

காயில் விலை 640 ரூபாயும், கழற்றி மாட்டிய கூலி 350 ரூபாயும் எனக்குத் திருப்பித் தர வேண்டும். மாற்றுக் காயில் வேண்டாம். வாரண்டிக்கு வரும் காயில்களைச் சூடாக்கிச் சோதிக்கும்படி உங்கள் டீலர்களுக்கு அறிவுறுத்தவும் வேண்டும். பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணில் இன்னும் எத்தனை பேர் கார்பரேட்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறார்களோ!

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

பில், பெட்டி, மீட்டர் காட்டிய அளவின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். காயிலை இப்போதைக்கு அனுப்ப மாட்டேன். உங்கள் ஆள் யாராவது வந்தால் அவர் கண் முன்னாலேயே சூடாக்கிக் காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திண்டுக்கல்