கொல்லனுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஆசிரியருக்கு,

ஒரு பொருளை யாரோ கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்தினால் அந்தப் பொருளைத் தயாரித்தவனை ஏன் கேட்கிறீர்கள், கத்தியால் குத்தியவனைப் பிடிப்பீர்களா, கத்தி அடித்த கொல்லனைப் பிடிப்பீர்களா என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இதைக் கேட்டால் யாரும் வாயடைத்துத்தான் போவார்கள், நானும் பல நாள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கொல்லனுக்கு ஒன்றுமே தெரியாது என்று நாமாக அல்லவா வைத்துக்கொள்கிறோம்? குத்தியவனே மறுநாள் ரத்தம் காயாத சட்டையோடு பட்டறைக்கு வந்து இன்னும் பத்து கத்தி கேட்கிறான், கொல்லனும் எண்ணிக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டுக்கொள்கிறான் என்றால்?

இது வெறும் கற்பனை இல்லை. சைக்ளான் பி என்பது துணிகளிலும் கிடங்குகளிலும் பேன், பூச்சிகளை ஒழிக்க விற்ற விஷம். அதை நாஜி முகாம்களுக்கு அனுப்பிய புருனோ டெஷ் என்ற வியாபாரியையும் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த இருவரையும் 1946-ல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. விஷத்தை விற்றார்களா என்பதில் சண்டையே இல்லை. அதை வைத்து மனிதர்களைக் கொல்கிறார்கள் என்று தெரிந்தே விற்றார்களா என்பதுதான் வழக்கு. டெஷுக்கும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவருக்கும் மரண தண்டனை. மூன்றாமவர் தொழில்நுட்ப ஊழியர், விற்பனையைத் தடுக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை, அவரை விட்டுவிட்டார்கள். எனக்கு இது சரியான அளவுகோலாகப் படுகிறது: தெரிந்திருக்க வேண்டும், நிறுத்தும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும்.

சரி, அது போர்க்காலம், கொடூரத்தின் உச்சம் என்பீர்கள். டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனத்தைப் பாருங்கள். கடுமையான வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பென்டோபார்பிடல் ஊசியை விற்றுக்கொண்டிருந்தார்கள், அமெரிக்கச் சிறைகள் அதை மரண தண்டனைக்கு எடுத்துக்கொண்டன. மருந்தைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டால் நோயாளிகள் தவிப்பார்கள், விட்டுவைத்தாலோ சிறைக்குப் போகும். முதலில் அவர்களும் எங்களால் என்ன செய்ய முடியும் என்றுதான் கையை விரித்தார்கள். அப்புறம் 2011 ஜூலையில், மரண தண்டனை நிறைவேற்றும் மாநிலச் சிறைகளுக்கு விற்க மாட்டோம், வாங்குபவர் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று விநியோக முறையையே மாற்றினார்கள். நோயாளிக்கு மருந்து தொடர்ந்து கிடைத்தது. மரண தண்டனை சரியா தப்பா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை. முடியாது என்று சொன்னவர்களே மனம் வைத்தபோது சில மாதங்களில் ஒரு வழி பிறந்தது, நான் சொல்வது அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறச் சமூகங்களில் இளைஞர்கள் பெட்ரோலை முகர்ந்து மூளை கெட்டுப்போனபோது, முகர்ந்தால் போதை தராத ஓபல் என்ற பெட்ரோலை பிபி நிறுவனம் 2005-ல் கொண்டுவந்தது. அரசு மானியம் கொடுத்ததால்தான் அது ஓடியது, இருக்கட்டும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். இன்றைய நிறுவனங்களுக்கு வாடிக்கையாளரைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது? செயலியை எத்தனை மணிக்குத் திறக்கிறோம், எந்தப் படத்தில் எத்தனை விநாடி நிற்கிறோம் என்பது வரை கணக்கு வைத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கைக் காட்டித்தான் விளம்பரமும் பிடிக்கிறார்கள். அதே செயலியில் ஒரு பெண்ணை யாரோ மாதக்கணக்காகத் துரத்தி மிரட்டினால் மட்டும், எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்கள் வெறும் மேடைதானே என்கிறார்கள். விற்கும்போது அத்தனை கண், கேள்வி கேட்டால் குருடு!

இதை வைத்து எல்லா உற்பத்தியாளரையும் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. கயிறு திரிப்பவரும் தீப்பெட்டி செய்பவரும் எங்கோ முகம் தெரியாதவர் கைக்குப் போகும் பொருளுக்கு என்ன செய்ய முடியும்? அவர்களை விட்டுவிடலாம். புகார் கடிதங்கள் மேஜையில் குவிந்த பிறகும், அடுத்த காலாண்டு விற்பனை இலக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அந்த வாசகர் மறுபடி எழுதுவதாக இருந்தால், அவருடைய கொல்லன் இந்த இருவரில் யார் என்று சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்