உன் மச்சான் பார்த்து வைத்திருக்கிற வெள்ளை ஃபீல்டர்

அன்புள்ள மாரி,

இங்கே எல்லோரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் நலம்தானே? அம்மாவைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். கால் வீக்கம் வற்றிவிட்டது; வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. நீ போன் பண்ணுவதில்லை என்று என்னைப் பிடித்து ஒரு மணி நேரம் திட்டினார். உனக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் இங்கே நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், நீ மலேசியாவில், கிள்ளானில் சுகமாக இரு.

நீ அனுப்பிய லேப்டாப் வந்து இத்தனை மாதமாகியும் ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொள். இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், நீ கூப்பிடுகிற நேரத்தில் இங்கே கரண்டு இருக்காது; கரண்டு இருந்தால் உன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். சொல்ல வேண்டியதோ அவனைப் பற்றி. கொட்டாவியின் மகன் நாளைக்குக் கிளம்பி அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் தூங்காமல் கொண்டுவந்து சேர்ப்பான் என்று நம்புவோம், அப்பன் பிள்ளைதானே.

விஷயம் இதுதான். அந்த வெள்ளை டொயோட்டா ஃபீல்டர் காருக்கு நீ பணம் அனுப்பாதே.

2010 மாடல், ஜப்பானில் ஒரு டாக்டர் ஓட்டியது, மீட்டரில் கிலோமீட்டர் குறைவு, செக் லைட் (என்ஜின் பழுதைக் காட்டுகிற விளக்கு) எரியவில்லை என்று உனக்குச் சொல்லியிருப்பான். என்னிடமும் அதையேதான் சொன்னான். ரங்கூனுக்கு வந்த எந்த வண்டியைக் கேட்டாலும் டாக்டரோ டீச்சரோதான் ஓட்டியிருக்கிறார். ஜப்பானில் மற்றவர்கள் எல்லாம் நடந்தே போவார்கள் போலிருக்கிறது. "டயர் பாருண்ணே, ஏசி பாருண்ணே, அது போதும்" என்றான். பக்கத்தில் புரோக்கர், கையில் போன், வாயில் வெற்றிலை. நான் டயரையும் பார்த்தேன், ஏசியையும் பார்த்தேன். அப்புறம் உன் லேப்டாப்பை எடுத்து வந்தேன். அதைப் பார்த்ததுமே புரோக்கர் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் கேபிளைச் சொருகி, டொயோட்டாவின் சோதனை சாஃப்ட்வேர் டெக்ஸ்ட்ரீமைத் திறந்தேன். கம்ப்யூட்டர் பதிந்து வைக்கிற பழுது எண், அதாவது கோடு, ஒன்றுகூட இல்லை. உன் மச்சான் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஆனால் மாரி, கோடு இல்லாத வண்டி என்று ஒன்று உண்டு, கோடு அழித்த வண்டி என்றும் ஒன்று உண்டு. கோடு அழித்தால் கம்ப்யூட்டர் தன் சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்கிற டப்பா) சோதனை, ஆக்சிஜன் சென்சார் சோதனை, அதன் ஹீட்டர் சோதனை, மூன்றுமே 'முடியவில்லை' என்று நின்றன. தினமும் ஓடுகிற வண்டியில் அப்படி நிற்காது. அதற்குக் கீழேயே இன்னொரு வரி, கோடு அழித்த பிறகு ஓடிய தூரம். 4 கிலோமீட்டர். புரோக்கர் வீட்டிலிருந்து என் பட்டறைக்கு அவ்வளவுதான் இருக்கும்.

கேட்டேன். பேட்டரி மாற்றினோம், அதனால் அழிந்திருக்கும் என்றான். பானெட் திறந்தே இருந்தது. பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்துக் கிடக்கிறது, நட்டில் ஸ்பானர் பட்ட தடம்கூட இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்கலாம் என்றேன்.

பியே ரோட்டில் மிங்கலாடோன் பக்கம் போனோம். உன் மச்சான் ஓட்டினான், நான் இடது சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1970-ல் ரோட்டை வலது பக்கம் மாற்றினார்கள், ஸ்டியரிங் இன்னும் வலதிலேயே இருக்கிறது, எதிரே வருகிற லாரி இடது சீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். இவனோ முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டும் என்று "வரலாமாண்ணே, வரலாமாண்ணே" என்று கேட்டுக்கொண்டே வருகிறான். நான் திரையில் கிராஃப் ஓடுவதைப் பார்ப்பேனா, லாரியைப் பார்ப்பேனா? முனீஸ்வரர் புண்ணியம், உயிரோடு எழுதுகிறேன்.

திரையில் பார்த்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படி. என்ஜின் சூடேறிவிட்டது, தண்ணீர் 88 டிகிரி. பெட்ரோல் திருத்தம் இரண்டும் நல்ல கணக்கில், 5 சதவீதத்துக்குள். அதாவது காற்றும் பெட்ரோலும் கலப்பதில் தகராறு இல்லை. ஆனால் கேட்டலிஸ்டுக்குப் பின்னால் இருக்கிற சென்சாரைப் பார்த்தால், அது 0.1 வோல்ட்டுக்கும் 0.8-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கேட்டலிஸ்ட் நல்லதாக இருந்தால் அந்தச் சென்சார் 0.6, 0.7 பக்கம் சோம்பிக் கிடக்க வேண்டும். முன்னால் வருகிற புகை எப்படி வந்ததோ அப்படியே பின்னால் போகிறது என்று அர்த்தம். நடுவில் வடிகட்ட ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். இப்போது தெருவுக்கு ஒருவன் சீனாவில் செய்த நீல டப்பாவைச் சொருகி, போனில் பி 0420, அதாவது கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்கிற கோட்டைப் பார்த்துவிட்டு, "சென்சார் போச்சு, மாத்துங்க" என்கிறான். சென்சார் போகவில்லையடா, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது! கோடு என்பது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகார். யார் குற்றவாளி என்று விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன சித்திரையில், திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு, ஒரு டாக்சி வந்தது. ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது, பெட்ரோல் குடிக்கிறது. வேறொரு பட்டறையில் தண்ணீர் சென்சார் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், மாற்றம் இல்லை. சொருகிப் பார்த்தால் தண்ணீர் சூடு மைனஸ் 40 டிகிரி. வெளியே ரோட்டில் தார் உருகுகிறது! மைனஸ் 40 என்று காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள், கம்ப்யூட்டருக்குச் சென்சாரே தெரியவில்லை. தேடினால் எலி கடித்திருக்கிறது. இரண்டு அங்குல வயர். அந்த டாக்சிக்காரர் சென்சாருக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சரி, ஃபீல்டருக்கு வருகிறேன். பட்டறைக்குத் திரும்பி, தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். கேட்டலிஸ்ட் கூட்டின் மேல்பக்கம், கீழிருந்து சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத இடத்தில், வெட்டி மறுபடி ஒட்டிய வெல்டிங். மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ரப்பர் சுத்தியால் தட்டினேன், காலி டப்பா. உள்ளே இருந்த தேன்கூட்டை எடுத்துவிட்டார்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, எடைக்கு வாங்க ஆள் இருக்கிறது. அதனால்தான் பி 0420 வருகிறது, அதனால்தான் அழிக்கிறார்கள். அந்தச் சோதனை நடக்க வண்டி சூடேறி நிதானமாகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும், அதுவும் இரண்டு ஓட்டத்தில் தொடர்ந்து தோற்றால்தான் லைட் எரியும். நம்ம ஊர் நெரிசலில் அந்த நிதான ஓட்டம் கிடைக்கவே நாள் ஆகும். அதற்குள் உன் பணம் கை மாறியிருக்கும்.

இதோடு நின்றிருந்தால்கூட வாங்கிக்கொள் என்று சொல்லியிருப்பேன். கேட்டலிஸ்ட் இல்லாமல் இங்கே எத்தனையோ வண்டி ஓடுகிறது, புகைதான் ஊருக்கு. ஆனால் ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. விற்கத்தான் எடுத்தார்களா, அடைத்துப் போய் எடுத்தார்களா? பிளக்கைக் கழற்றினேன். மூன்றாவது பிளக் மரையெல்லாம் ஆயில். இனி லேப்டாப்புக்கு வேலை இல்லை, நம்ம வாத்தியார் சயா நமக்குக் கொடுத்த, சிலிண்டர் அழுத்தம் பார்க்கிற அந்தப் பழைய கம்ப்ரஷன் கேஜை எடுத்தேன். மூன்றாவதில் மற்றதைவிட நன்றாகக் குறைவு. துவாரத்தில் ஒரு மூடி ஆயில் ஊற்றி மறுபடி பிடித்தேன், முள் ஏறிவிட்டது. வால்வாக இருந்தால் ஏறியிருக்காது. பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. ஆயில் எரிந்து எரிந்து கேட்டலிஸ்டை அடைத்திருக்கிறது, குத்தி எடுத்துவிட்டார்கள், எடுத்ததையும் காசாக்கிவிட்டார்கள். மீட்டர் 86,000 காட்டுகிறது. பிரேக் பெடல் ரப்பரோ வழுக்கையாக இருக்கிறது. நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இத்தனையும் உன் மச்சானிடம் நிதானமாகச் சொன்னேன். திரையைக் காட்டினேன், வெல்டிங்கைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "கம்ப்யூட்டர் வெச்சுப் பாத்தா ஒருத்தனுக்கும் பொண்ணு கெடைக்காதுண்ணே." புரோக்கர் சிரித்தான். ஆறு மாதம் ஓட்டி விற்றுவிடுவேன் என்கிறான். வாங்கிய கையோடு பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிப் போய் எலுமிச்சம்பழம் வைக்க நாள்கூடப் பார்த்துவிட்டானாம். ரிங் போனதற்கு முனீஸ்வரர் என்ன செய்வார்? இப்போது டீக்கடையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். எனக்கு லேப்டாப் வந்ததிலிருந்து தலைக்கனம் வந்துவிட்டது என்று உன் மாமியாரிடம் சொல்லியிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. நீ அங்கே ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது. பெரியவள் படிப்புக்கு என்று ஒதுக்கியதில் பாதியை எடுக்கிறாய் என்று தங்கச்சி என் வீட்டுக்காரியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். மச்சானுக்குச் செய்ய வேண்டும் என்று நீ நினைப்பதில் தப்பே இல்லை. வேலை இல்லாமல் அவன் படுகிற பாட்டை நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த வண்டியை வாங்கினால் டாக்சி ஓட்டிச் சம்பாதிப்பதை ஆயிலுக்கே கொடுப்பான், அப்புறம் என்ஜினுக்கு உன்னிடமே கை நீட்டுவான். நீயும் மறுக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா.

வேறு வண்டி இருக்கிறது. இங்கே தாக்கேத்தாவில் ஒரு டொயோட்டா புரோபாக்ஸ், அதே 1500 சிசி என்ஜின். பார்க்க அசிங்கம், இடது கதவு வேறு நிறம், உன் மச்சான் பார்த்ததும் மூக்கைச் சுளித்தான். ஓட்டுபவர் வயதானவர், கண் தெரியவில்லை என்று விற்கிறார். செக் லைட் எரிந்துகொண்டேதான் கொண்டுவந்தார், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று! கோடு பி 0303, மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டேன். கோடும் கூடவே நகர்ந்து பி 0301 ஆகிவிட்டது. காயில்தான், சந்தேகமில்லை. ஜப்பான் பழசு ஒன்று போட்டால் தீர்ந்தது. கம்ப்ரஷன் நான்கிலும் ஒரே மாதிரி. விலை ஃபீல்டரைவிட நன்றாகக் குறைவு, மிச்சத்தைப் பெரியவளுக்குத் திருப்பிவிடலாம்.

மற்றச் செய்தி கொஞ்சம்தான். சயா போன மாதம் பட்டறைக்கு வந்தார். பழைய டொயோட்டா பப்ளிக்கா கார்புரேட்டர் காலத்து மனிதர், லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "இதுக்கு எத்தனை லிட்டர் ஊத்தணும்?" என்றார். 2011-ல் பழைய வண்டியை ஒப்படைத்து இறக்குமதிப் பெர்மிட் வாங்கிய காலத்தில், வந்து குவிந்த புது வண்டிகளைப் பார்த்து நாம் மூன்று பேரும் பானெட்டைத் திறந்து திறந்து மூடினோமே, அதை அவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். பட்டறைப் பையன் இல்லை. 2024 பிப்ரவரியில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சட்டத்தை அறிவித்ததும் எல்லை தாண்டி, தாய்லாந்தில் மெசோட்டுக்குப் போய்விட்டான். லேப்டாப்பில் கைவைக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். நல்ல கை. அவன் அம்மா வாரம் ஒருமுறை வந்து, ஏதாவது சேதி வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை.

உன் லேப்டாப்பில் பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்பதில்லை, கரண்டு போனால் பாதியில் படுத்துவிடுகிறது. பழைய விண்டோஸ் 7 என்பதால் கேபிள் தகராறு செய்யாமல் ஓடுகிறது, அதை மாற்றிவிடாதே. பேட்டரி மட்டும் கிடைத்தால் கொட்டாவியின் மகன் திரும்பி வரும்போது கொடுத்துவிடு. பணம் சொல், அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

புரோபாக்ஸ்காரரிடம் முன்பணம் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்த அன்றே மச்சானைக் கூப்பிட்டுப் பேசு. நான் எழுதினேன் என்றே சொல்லிவிடு, மறைக்க வேண்டாம். எப்படியும் என் பெயர்தான் சொல்வான். கோபத்தில் பேசாதே, புரோபாக்ஸை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல், நானே கூட வருகிறேன் என்று சொல். எனக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, இந்த வாரம் அப்போதுதான் எங்கள் பக்கம் கரண்டு.

அன்புடன்,
காளி